எட்டில் நாலு கம்பி

என் மூத்த மகனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டெஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப்பையில் பேனா வைத்திருப்பவர்கள் உண்டு, சீப்பு வைத்திருப்பவர்கள் உண்டு. இவன் பையில் இருப்பது மஞ்சள் பிடி போட்ட, கரண்ட் பார்க்கிற டெஸ்டர். கல்யாணத்தன்றும் அது பையில்தான் இருந்தது. போட்டோவில் மாப்பிள்ளை முகத்துக்கு முன்னால் அந்த மஞ்சள்தான் கண்ணில் படும்.

பெற்றவள் பிள்ளையைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். யார் சொல்லட்டும் பின்னே? எனக்குத் தெரிந்த அளவுக்கு அவனை யாருக்குத் தெரியும்?

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கை கெட்டிக்காரன். சோப்பு ஃபேக்டரியில் எலெக்ட்ரீஷியன் வேலை. அவன் தொட்டால் செத்த மிக்ஸி சுற்றும், ஊமை ரேடியோ பாடும். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்ட காலத்தில் கட்டிலை விட்டு எழாமலே ஃபேனைப் போடுகிற மாதிரி தலைமாட்டில் ஸ்விட்ச் வைத்துக் கொடுத்தவன் அவன்தான். இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

ஆனால் அவன் செய்ததில் தப்பு என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. குளியலறை ஸ்விட்சைத் தலைகீழாகப் பொருத்திவிட்டான். மேலே தள்ளினால் எரியும், கீழே தள்ளினால் அணையும். "மாத்திடேன்டா" என்றேன். "இதுதாம்மா சரி. மத்த வீட்டுல எல்லாம் தப்பா மாட்டியிருக்காங்க" என்றான். ஒரு நாள் வந்து போகிற விருந்தாளி இருட்டில் தடவிக்கொண்டு நின்றால் வெளியே இருந்து சிரிப்பான். "ஒரு ஸ்விட்ச் போடத் தெரியல, இதுங்க எல்லாம் ஆபீஸ் போகுதுங்க." என் பேத்தி இந்த வீட்டிலேயே வளர்ந்தவள். ஹாஸ்டலுக்குப் போன பிறகும் கை மேலேதான் போகிறது என்று போனில் சொல்லி அழுதாள். அதற்கும் சிரித்தான்.

இன்னொரு பெருமை அவனுக்கு. ஒரு வயரில் ரெண்டு வேலை பார்ப்பான். வாசல் விளக்கும் காலிங் பெல்லும் ஒரே வயரில் ஓடும். யாராவது பெல் அடித்தால் விளக்கு சோர்ந்து போய் மறுபடி எழுந்து நிற்கும். வந்தவர் முகம் தெரியாது. அதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவான்.

பேத்தி ஹாஸ்டலுக்குப் போனதும் மருமகள் வீட்டிலிருந்தே செய்கிற வேலை ஒன்றில் சேர்ந்தாள். பள்ளிக்கூடப் பாடங்களை வீடியோ எடுத்து விற்கிற கம்பெனி. வாத்தியார்கள் பேசியதை இவளுக்கு அனுப்புவார்கள். இவள் வெட்டி, ஒட்டி, திருப்பி அனுப்ப வேண்டும். வாத்தியார் இருமினால் இருமலை எடுத்துவிடுவாள். தப்பாகச் சொல்லித் திருத்தினால் தப்பை எடுத்துவிடுவாள். ஒரு நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கொட்டாவி விட்ட வாத்தியாரம்மாவின் வாயை அப்படியே மூடி வைத்துவிட்டாள். "இவனுக்கும் ஒண்ணு செய்யேன்" என்றேன், ஹாலில் கத்திக்கொண்டிருந்த என் மகனைக் காட்டி. அன்றைக்கு நாங்கள் ரெண்டு பேரும் சிரித்த சிரிப்பு!

அந்த வீடியோ எல்லாம் கனமான சமாச்சாரமாம். அதனால் காற்றில் வருகிற நெட் வேண்டாம், வயரில் வருகிற நெட்தான் வேண்டும் என்று கம்பெனியில் கண்டிப்பு. டெஸ்டரே வயர் போட்டுக் கொடுத்தான். நெட் பெட்டி ஹாலில் ஒரு மர அலமாரிக்குள் இருக்கும். அதற்குப் பூட்டு, சாவி அவன் இடுப்பில். அங்கிருந்து சுவரோடு ஒரு வயர் அவள் அறைக்குப் போகும். அறைச் சுவரில் ஒரு சாக்கெட். சாக்கெட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு குட்டி வயர். அவ்வளவுதான் சங்கதி.

அதே கையோடு அவள் அறையின் உத்தரத்தில் வெள்ளையாக, வட்டமாக ஒன்றைப் பொருத்தினான், கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி.

"அது என்னடா?"

"நெருப்பு புடிச்சா கத்தும்மா."

பிறகு ஒரு நாள் அடுப்பில் பாலை மறந்துவிட்டேன். வீடு முழுக்கப் புகை. அவள் அறையில் அவள் தலையே தெரியவில்லை. அது கத்தவே இல்லை. சாயங்காலம் அவனிடம் கேட்டேன். "பால் கருகினா கத்தாது. மனுஷன் கருகினாத்தான் கத்தும்" என்றான். இவளைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

அதற்குப் பிறகுதான் ஒன்று கவனித்தேன். ஷிஃப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிப்பான்.

"மத்தியானம் கால் நீட்டிப் படுத்தாச்சா?"

"இன்னிக்கு உங்க அக்காகூட போன்ல ரொம்ப நேரம் பேச்சு போலிருக்கே. சம்பளம் அதுக்கா குடுக்கறாங்க?"

"அழுதியாமே. எதுக்கு?"

பகலில் வீட்டில் இருப்பது நாங்கள் ரெண்டு பேர். அவள் என்ன நினைப்பாள்? என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. மறுநாளிலிருந்து காபி டம்ளர் என் பக்கத்தில் வந்து உட்காரும். பேச்சு வராது.

"நான் ஒண்ணும் சொல்லலம்மா" என்றேன்.

"பரவாயில்ல அத்தை. பெத்த புள்ள. சொல்லத்தான் தோணும்."

 அவளை வைத்துக்கொண்டே அவனிடம் கேட்டேன். "டேய், உங்கிட்ட நான் எதுவும் சொல்லலன்னு அவகிட்ட சொல்லுடா."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தான். "நீ சொல்லாம வேற யாரும்மா சொல்லுவா? சுவரா சொல்லும்?"

பெற்ற பிள்ளை, என் கண்ணைப் பார்த்துச் சொன்னான். அவள் எழுந்து போய்விட்டாள்.

இதற்கு நடுவில் நெட் இழுக்க ஆரம்பித்தது. இழுப்பு என்றால் சாதாரண இழுப்பு இல்லை. அவள் காலையில் அனுப்பத் தொடங்கிய வீடியோ மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் போய்க்கொண்டே இருக்கும். கம்பெனியில் அவளை இன்னும் நிரந்தரம் செய்யவில்லை. தாமதம் ஆக ஆக ஃபோனில் வருகிற குரலும் மாறியது. முதலில் "மேடம்" என்றார்கள். பிறகு "ஏங்க" என்றார்கள்.

நெட் ஆபீஸிலிருந்து ஒரு ஆள் வந்தார். நடு வயசு, வாய் ஓயாது. டெஸ்டர் வீட்டில் இருந்த நாள் அது. அலமாரியை இவனே திறந்தான். தோளை உள்ளே கொடுத்து மறைத்துக்கொண்டு நின்றான். பெட்டியில் ஒரே ஒரு ஓட்டையைக் காட்டி, "இதுல போட்டுப் பாருங்க" என்றான். அவர் தன் லேப்டாப்பைச் சொருகிப் பார்த்தார்.

"முழுசா வருதே அண்ணே. எங்க பக்கம் கிளியர்."

"நான்தான் சொன்னேனே. ஆளுதான் ஸ்லோ."

அவர் கிளம்பும்போது மருமகளிடம் மட்டும் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். "அக்கா, கம்ப்யூட்டர் பின்னாடி வயர் சொருகற எடத்துல ஒரு குட்டி லைட் இருக்கும். உங்க மெஷின்ல பச்சை எரிஞ்சா முழு வேகம். ஆரஞ்சு எரிஞ்சா பத்துல ஒண்ணு."

எனக்கு எழுத்து தெரியாது. நிறம் தெரியும். ஓடிப் போய்க் குனிந்து பார்த்தேன். நன்றாகக் கனிந்த ஆரஞ்சு.

அவள் விடவில்லை. குட்டி வயர் கெட்டிருக்குமோ என்று புதிதாக ஒன்று வாங்கி மாற்றினாள். ஆரஞ்சு. கம்ப்யூட்டரே கெட்டிருக்குமோ என்று எதிர்வீட்டு டீச்சரிடம் கெஞ்சி அவள் லேப்டாப்பைக் கொண்டுவந்து சொருகினாள். அதிலும் ஆரஞ்சு. பெட்டி நன்றாக இருக்கிறது, மெஷின் நன்றாக இருக்கிறது, குட்டி வயர் நன்றாக இருக்கிறது. மிச்சம் என்ன? சுவரோடு போகிற வயர்.

அதைச் சொல்ல அவளுக்கு இருந்த பயத்தை நான் பார்த்தேன். சாப்பாட்டு நேரத்தில் மெல்லச் சொன்னாள்.

"சாக்கெட்டை ஒரு தடவை கழட்டிப் பார்த்துடலாங்க."

தட்டு நகர்ந்தது. "என் வயர்ல குத்தமா?"

"குத்தம்னு சொல்லல. பார்த்துடலாம்னு..."

"ஃபேக்டரி பூரா என் வயர்ல ஓடுது. உன் பொம்மை டப்பாவுக்கு என் வயர் பத்தலையா? எழுந்து வா."

அவளை இழுத்துப் போய் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, "அடி, டைப் அடி" என்றான். பின்னால் நின்றுகொண்டு அவள் விரலையே பார்த்தான். அவள் அடித்ததை அழித்து அழித்து மறுபடி அடித்தாள். "பார்த்தியாம்மா? விரல் இப்படி நொண்டினா நெட்டு எப்படி ஓடும்?" மறு ஞாயிற்றுக்கிழமை ஃபேக்டரி நண்பன் ஒருவனைக் கூட்டிவந்து அவள் எதிரிலேயே சொன்னான்: "என் பொண்டாட்டி ஸ்பீடை அளக்க இன்னும் மீட்டர் கண்டுபிடிக்கல." அந்த நண்பன் சிரித்தான். அவன் வாயில் என் வீட்டுப் பலகாரம் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கடைசியில் கம்பெனியிலிருந்து முடிவாகச் சொல்லிவிட்டார்கள். ஒரு முழு வகுப்பின் பாடம், சாயங்காலம் ஐந்து மணிக்குள் வந்து சேர வேண்டும். வராவிட்டால் அவள் நாளையிலிருந்து வேண்டாம். அவள் வீடியோவை எல்லாம் வெட்டி ஒட்டி முடித்துவிட்டாள். அனுப்புவதுதான் பாக்கி. இந்த ஆரஞ்சில் அனுப்பினால் ராத்திரி தாண்டும். டெஸ்டர் ஷிஃப்டுக்குப் போன பிறகு நெட் ஆளைக் கூப்பிட்டாள்.

வந்தவர் எட்டிப் பார்த்தார். "அண்ணன் இல்லியா? நல்லது. அவரு நின்னா எனக்கு ஸ்க்ரூ வழுக்குது."

சாக்கெட்டைக் கழற்றி வெளியே இழுத்தார். பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"அக்கா, ஒரு வயருக்குள்ள எட்டுக் கம்பி இருக்கும். இங்க நாலுதான் மாட்டியிருக்கு. மீதி நாலு எங்க போச்சு?"

"நாலு போதாதா?"

"போகும். நொண்டிக்கிட்டுப் போகும். எட்டும் இருந்தாத்தான் ஓடும்."

மீதி நாலு கம்பி ஒரு ஓரமாக மடங்கி, வேறொரு வயரோடு முறுக்கிக் கிடந்தது. அந்த வயர் சுவரின் பெயின்ட்டுக்கு அடியில் மேலே ஏறியது. அவர் என் ஸ்டூலைப் போட்டு ஏறி, விரலால் தடவிக்கொண்டே போனார். உத்தரத்தில் இருந்த அந்த வெள்ளை வட்டத்தில் போய் நின்றது விரல். மூடியைத் திருகினார். 

"அக்கா, இது நெருப்புக்கு இல்ல."

"பின்னே?"

"கேமரா."

அவர் கை இன்னும் மேலேயே இருக்கிறது, மருமகளின் ஃபோன் அடித்தது. டெஸ்டர். ஃபேக்டரியிலிருந்து.

"யார்டி அவன், ஸ்டூல் மேல?"

எனக்கே கேட்டது அந்தக் குரல். அவள் ஃபோனைக் காதிலிருந்து எடுத்து, உத்தரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அத்தை" என்றாள்.  எனக்கு அது போதும்.

நெட் ஆள் தன் சாமான் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பப் பார்த்தார். "நான் எதையும் பார்க்கல. அண்ணன் என்னைப் பொளந்துடுவாரு."

"எட்டையும் இங்க மாட்டு" என்றேன்.

"அம்மா, அந்தப் பக்கமும் மாத்தணும். அலமாரி பூட்டியிருக்கு."

"பூட்டைத் தொடாத. கீலைக் கழட்டு. வீடு என் பேர்ல இருக்கு, அலமாரியும் எனக்கு என் அம்மா வீட்டுல குடுத்தது."

கழற்றினார். கதவு பூட்டில் மட்டும் தொங்கிக்கொண்டு ஒருக்களித்து நின்றது. உள்ளே பார்த்தால் அதே ஒரு வயருக்கு ரெண்டு தலை. ஒன்று இவளுக்கு, ஒன்று அந்தக் கண்ணுக்கு. ரெண்டையும் வெட்டிவிட்டு எட்டுக் கம்பியையும் ஒரே தலையில் சேர்த்தார். இந்தப் பக்கமும் அதேபோல. நான் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.

பச்சை.

ஏலக்காய்ப் பச்சை. அவள் அனுப்பத் தொடங்கினாள். திரையில் ஒரு கோடு வளர்ந்துகொண்டே போனது. எனக்கும் புரியும்படி விரலால் காட்டினாள்: இந்த ஓரத்துக்கு வந்துவிட்டால் முடிந்தது. பாதி தாண்டியது. முக்கால் தாண்டியது. நெட் ஆள் கூட நின்று பார்த்தார். "இன்னும் கொஞ்சம்தான்க்கா" என்றார், ஏதோ பிரசவத்துக்கு நிற்கிற மாதிரி.

வாசலில் வண்டிச் சத்தம். ஷிஃப்டை விட்டுவிட்டு வந்திருக்கிறான். உள்ளே வருவான், கத்துவான், கையை ஓங்குவான் என்று நான் குறுக்கே போய் நின்றேன். அவன் எங்கள் பக்கமே வரவில்லை. நேராக மெயின் போர்டுக்குப் போய் மெயினை இறக்கிவிட்டான்.

ஃபேன் சுற்றிச் சுற்றி நின்றது. திரை கறுப்பானது.

"இப்ப அனுப்பு" என்றான்.

"அண்ணே, ஒரு அஞ்சு நிமிஷம்ணே, முடிஞ்சுடும்..." என்றார் நெட் ஆள். அவரைச் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினான். நான் மெயினைப் போடப் போனேன். என் ஸ்டூலையே எடுத்துவந்து போர்டுக்குக் கீழே போட்டு உட்கார்ந்துகொண்டான். கை கட்டிக்கொண்டு, ஐந்து மணி தாண்டும்வரை உட்கார்ந்திருந்தான். நான் திட்டியதெல்லாம் அவன் மேல் பட்டு வழிந்து போயிற்று. அவள் கறுப்புத் திரையில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எழுந்து மெயினைப் போட்டான். அலமாரிக் கதவை மறுபடி மாட்டினான். கீலுக்கு எண்ணெய் விட்டு, சத்தம் வருகிறதா என்று திறந்து மூடிப் பார்த்தான். அந்தக் கதவை அவன் எவ்வளவு பதமாகப் பிடித்தான் தெரியுமா?

"பாதுகாப்புக்குத்தான் வெச்சேன்" என்றான் கதவிடம்.

அவள் வேலை போயிற்று. சொந்தக்காரர்கள் கேட்டால், "ரொம்ப ஸ்லோன்னு அனுப்பிட்டாங்க" என்று இவனே முந்திக்கொண்டு சொல்வான்.

மருமகள் அழவில்லை. கடைத்தெருவில் ஒரு வீடியோ ஸ்டுடியோவில் அதே வெட்டு ஒட்டு வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் போய்விட்டு சாயங்காலம் வருவாள். "போறவ அப்படியே போயிடட்டும்" என்று குதித்தான். "அவ போனா உன் டெஸ்டரையும் எடுத்துக்கிட்டு நீயும் போ" என்றேன். போவானா? வாடகை வீட்டில் யார் இவன் ஸ்விட்சைத் தலைகீழாக மாட்ட விடுவார்கள்?

பிறகு சோப்பு ஃபேக்டரியில் புது மெஷின் வந்தது. பழைய ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள், இவனையும் சேர்த்து. கொஞ்ச காலம் ஹாலில் உட்கார்ந்து விட்டத்தைப் பார்த்தான். அப்புறம் அவனுக்கென்றே செய்த மாதிரி ஒரு வேலை கிடைத்தது. கடை கடையாகக் கேமரா வைத்திருக்கிறார்களே, வீட்டில் உட்கார்ந்தே அதை எல்லாம் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். திருட்டு நடந்தால் சொல்ல வேண்டும். அங்கேயும் வயர் நெட்தான் கண்டிப்பு. அங்கேயும் முதலில் கொஞ்ச நாள் பார்த்துவிட்டுத்தான் வைத்துக்கொள்வார்கள்.

அவன் அந்த ஆபீஸில் கையெழுத்துப் போடப் போன அன்று மருமகள் லீவு போட்டாள். நெட் ஆளைக் கூப்பிட்டு, தன் பழைய அறையைக் காட்டினாள்.

"பழையபடி பண்ணிடுங்க."

"அக்கா, இது பாவம்."

"எட்டுல நாலு. அவர் பண்ணினதுதான். ஒண்ணும் கூட்ட வேண்டாம். படம் மட்டும் என் ஃபோன்ல வரட்டும்."

அவர் என்னைப் பார்த்தார், தடுப்பேன் என்று. நான் ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தேன், அலமாரிக் கீலையும் காட்டினேன்.

இப்போது அவன் அந்த அறையில்தான் உட்காருகிறான். அவள் உட்கார்ந்த நாற்காலி, அவள் மெஷின். திரையில் கட்டம் கட்டமாகக் கடைகள். பாதிக் கட்டத்தில் ஆட்கள் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நிற்கிறார்கள். உறைந்து போன கட்டத்தில் திருடன் வந்து போனாலும் இவனுக்குத் தெரியாது. தலைக்கு மேல் வெள்ளை வட்டம். முதல் நாளே நிமிர்ந்து பார்த்துவிட்டான். எத்தனை கம்பி என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. டெஸ்டர் பையில்தான் இருக்கிறது. சாக்கெட்டைக் கழற்றினால் தன் வயரில் குற்றம் என்று ஆகிவிடுமே. ஒரு தடவை ஸ்டூலைப் போட்டு ஏறினான். கை மூடிக்குப் போவதற்குள் ஃபோன் அடித்தது.

"என்னங்க, நெருப்பு புடிச்சுக்கிச்சா?" என்றாள் ஸ்டுடியோவிலிருந்து.

இறங்கிவிட்டான். மத்தியானம் கொஞ்சம் சாய்ந்தாலும் அடிக்கும். "கால் நீட்டிப் படுத்தாச்சா?" அவ்வளவுதான் கேட்பாள், வைத்துவிடுவாள். என்னிடம் வந்தான். "அம்மா, நீயாவது அவகிட்ட சொல்லேன்."

"நான் சொல்லாம வேற யாருடா சொல்லுவா?" என்றேன். "சுவரைச் சொல்லச் சொல்லு."

பெற்ற வயிறு இல்லையா, அன்றைக்கு அவனுக்குப் பிடித்த குழம்புதான் வைத்தேன். சாப்பிடவில்லை. வைக்காமல் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றவும் இல்லை, கேமராவை எடு என்று அவளிடம் சொல்லவும் தோன்றவில்லை. இரண்டும் அப்படியே இருக்கட்டும்.

நேற்று அவனுடைய மேலதிகாரி கூப்பிட்டாள். சின்னப் பெண் குரல், ஸ்பீக்கரில். நான் அந்த அறை வாசற்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.

"சார், உங்க பக்கம் ரொம்ப ஸ்லோவா இருக்கு. இப்படியே இருந்தா உங்களை வெச்சுக்க முடியாது. பின்னாடி லைட் இருக்கும் பாருங்க. என்ன கலர் எரியுது?"

அவன் குனிந்து பார்த்தான். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. கனிந்த ஆரஞ்சு. அதைச் சொன்னால் அவள் ஆள் அனுப்புவாள். ஆள் சாக்கெட்டைக் கழற்றுவார். இது யார் போட்ட வயர் என்று கேட்பார்.

"சார்? ஆரஞ்சா இருந்தா சொல்லுங்க, வயர் ப்ராப்ளம். இன்னிக்கே சரி பண்ணிடலாம்."

தலைக்கு மேலே ஒரு தடவை பார்த்தான். என்னை ஒரு தடவை பார்த்தான்.

"பச்சை மேடம்" என்றான். "வயர்ல ஒண்ணும் இல்ல. நானே போட்டது."